‘ஊ’விலிருந்து ‘ஆ’ வரை

சாலிகிராமத்தில் ஒரு சந்து. பூக்கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும் நடுவில் ஒரு பழைய மாடிவீடு, அதன் பின்கட்டில் அந்த ஸ்டுடியோ அறை. முதல் கதவைத் திறந்தால் இரண்டடியில் இன்னொரு கதவு, கோயில் கதவு கனத்துக்கு. அது எனக்குப் பின்னால் ‘தப்’பென்று சாத்திக்கொண்டதும் ஆட்டோ இரைச்சல், குக்கர் விசில், எதிர்வீட்டு நாய் எல்லாம் ஒரே வெட்டில் காணாமல் போய்விட்டன. என் சட்டைக் கை உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எச்சில் விழுங்கினால் அது கேட்டது. நாற்பத்து மூன்று வயதில் அன்றைக்குத்தான் நிசப்தம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். பாடம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, எனக்கு அதற்குள் அந்த இடத்தின் மேல் ஆசை வந்துவிட்டது!

“உட்காருங்க சார்” என்றார் மாஸ்டர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவர் குரு, நான் சிஷ்யன். எதிரே ஒரு பழைய சிந்தசைசர், கட்டைகள் மஞ்சள் பூத்துப்போய். அடியில் இருக்கிற ஒரு கட்டையை இடது கையால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ‘ம்ம்ம்ம்ம்’ என்று மூடிய வாயால் முனகுகிற மாதிரி ஒரு மந்தமான சத்தம். இதற்கா சனிக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்தோம் என்று ஒரு கணம் நினைத்தேன், ஒரே ஒரு கணம்தான். “இப்பக் கண்ணை மூடிக்கிட்டு, வலது கையால இதை மட்டும் மெதுவாத் திருப்புங்க” என்று ஒரு குமிழின் மேல் என் விரலை எடுத்து வைத்தார்.

திருப்பினேன். அடடா, அதை எப்படிச் சொல்வேன்! கல்யாண வீட்டு நாதஸ்வரம் மூன்று தெரு தள்ளி வாசிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள், வெறும் ஒரு மங்கலான ஊதல்தான் வரும், தெருமுனை திரும்பினால் கொஞ்சம் கூர்மை வரும், பந்தல் வாசலுக்கு வந்தால் சீவாளி அதிர்வது கேட்கும், வித்துவானின் எதிரிலேயே போய் நின்றால் மூச்சும் எச்சிலும் உலோக அணசும் சேர்ந்து காதுக்குள் தெறிக்கும் இல்லையா, அந்த மூன்று தெருவையும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் நான்கே விநாடியில் நடந்துவிட்டேன்! அந்த முனகல் விரிந்து, வாய் திறந்து, பல் தெரிந்து, கடைசியில் பொன் வழிகிற மாதிரி அறை முழுக்க வழிந்தது. முதுகுத்தண்டில் சிலிர்த்தது. திரும்ப இடப்பக்கம் கொண்டுவந்தேன், மறுபடி வலப்பக்கம். மறுபடி, மறுபடி. இருபது நிமிடம் அதையே செய்துகொண்டிருந்தேன் என்று மாஸ்டர் பின்னால் சொன்னார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அப்புறம்தான் பாடம். “சார், வாயைக் குவிச்சு ‘ஊ’ன்னு ஆரம்பிங்க. நிறுத்தாம ‘ஆ’வுக்கு வாங்க.” நானும் ஊஊஓஓஆஆ என்றேன். “அவ்வளவுதான் சார் ஃபில்டர். தொண்டை ஒரே சத்தத்தைத்தான் கொடுக்குது. வாய் அதை வடிகட்டி எழுத்தாக்குது.” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து உயிரெழுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரே நாதத்தை வேறு வேறு சல்லடையில் சலிக்கிற வித்தை அது என்று அந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை! மோர்சிங் வாசிப்பவரைப் பாருங்கள், அந்த இரும்பு நாக்கு ஒரே சுருதியில்தான் அதிரும், அவர் வாய்க்குள் நாக்கை முன்னும் பின்னும் நகர்த்தித்தானே அத்தனை சொற்களையும் கொண்டுவருகிறார். சிந்தசைசரின் ஃபில்டர் குமிழ் என்பது பெட்டிக்குள் வைத்த மோர்சிங் வாய்!

அன்று நான் பிடித்திருந்த சுரம் நொடிக்கு 110 அதிர்வு. வெறும் 110 அல்ல, அதோடு 220, 330, 440, 550 என்று மேல்சுரங்கள் படிப்படியாக ஒட்டிக்கொண்டு வருகின்றன, இரண்டாவது முதலாவதில் பாதி பலம், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, நாலாவது கால் பங்கு. திரையில் வரைந்தால் ரம்பத்தின் பல் மாதிரி இருப்பதால் அதற்கு ரம்ப அலை என்றே பெயர். ஒற்றைப்படை மேல்சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டால் சதுர அலை, அது கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயி மாதிரி உள்ளே குடைந்த சத்தமாக வரும். குமிழை மூடினால் மேல்சுரங்கள் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக அணையும், திறந்தால் ஒவ்வொன்றாக ஒளிரும். கார்த்திகை அகல்கள்தான், வேறென்ன! எனக்கு உடனே அத்தையின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் தம்புராவை மடியில் கிடத்திக்கொண்டு, குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் இருக்கிற ஜீவா நூலை ஒரு மயிரிழை நகர்த்துவாள். சவசவ என்றிருந்த தந்தி சட்டென்று ‘ஞொய்ய்ங்’ என்று பூத்துவிடும். அத்தை இந்த மேல்சுரங்களைத்தான் தட்டி எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் இருந்திருந்தால் அன்று ராத்திரியே போன் போட்டு மணிக்கணக்கில் பேசியிருப்பேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஹெல்மெட்டுக்குள் ஊஊஓஓஆஆ என்றுகொண்டே வந்தேன். ஹெல்மெட் ஒரு சின்ன அறை, தெரியுமா? வாய்ச்சத்தம் உள்ளேயே சுழலும். வடபழனி சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும், அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஊரே திரும்பிப் பார்த்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

இந்தப் பைத்தியம் நேற்று முளைத்ததில்லை. 1992, கும்பகோணம், எனக்குப் பத்து வயது. அப்பாவோடு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், ‘ரோஜா’ கேசட் ஓடுகிறது. பாட்டு காதில் கேட்டது சரி, அதன் அடியில் ஓடிய பேஸ் பெஞ்சுப் பலகை வழியாக என் தொடைக்கு ஏறியது! சத்தம் உடம்பில் படும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதைச் செய்தவர் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்திலேயே பஞ்சதன் என்று ஒரு ஸ்டுடியோ கட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்க அதற்குள் உட்கார்ந்து ஒலிகளைச் செதுக்குகிறவர் என்று பின்னால் படித்தேன். அந்த அறைக்குள் என்னதான் நடக்கும், என்னதான் நடக்கும் என்று எத்தனை வருடம் குடைந்திருக்கும்! வேலை, கல்யாணம், வீட்டுக் கடன், எல்லாம் ஆகி, போன வருடம்தான் அந்தக் கதவைத் தட்டினேன்.

இரண்டாவது மாதம் கம்ப்யூட்டரில் பாட்டுக் கட்டுவது. ஒலியைக் கம்ப்யூட்டர் எப்படி வாங்கிக்கொள்கிறது என்று கேட்டுப் பாருங்கள், நொடிக்கு 44,100 தடவை அலையின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்கிறது, சி.டி. தட்டின் கணக்கு அது. நாம் வாசித்ததை உடனே நமக்குத் திருப்பிக் கேட்கவைக்க அது 256 மாதிரிகளைச் சேர்த்துக்கொண்டு அனுப்புகிறது என்று வையுங்கள், அதற்கு ஆகிற நேரம் கிட்டத்தட்ட 6 மில்லி விநாடி. அவ்வளவு நேரத்தில் காற்றில் சத்தம் இரண்டு மீட்டர்தான் போகும். அதாவது அந்தக் கருவி இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து எனக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறது! மேடையில் மிருதங்கக்காரர் உட்கார்கிற தூரம்! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று ஆபீஸில் கால்குலேட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிடி என்று ஒரு பொதுபாஷை இருக்கிறது. அது வருவதற்கு முன்னால் ஒரு கம்பெனிப் பெட்டிக்கும் இன்னொரு கம்பெனிப் பெட்டிக்கும் ஒத்துப்போகாது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று, போட்டிக் கம்பெனிகளை உட்காரவைத்துப் பேசி, 1983 ஜனவரியில் இரண்டு கம்பெனிகளின் சிந்தசைசர்களை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். இதில் தொட்டால் அது பாடியது. எத்தனை விசையோடு தொட்டீர்கள் என்பதைக்கூட 0 முதல் 127 வரை எண்ணாகச் சொல்லிவிடும். நாற்பது வருடம் கழித்தும் என் மேஜையில் அதே பாஷைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் என் தூக்கத்தைப் போக்கியவர் வேறொரு மனிதர். மாஸ்டர் ஒரு நாள் எதுவும் சொல்லாமல் ஒரு பாட்டைப் போட்டார். அடியில் டிரம் மெஷின் ‘டும் டும் டும் டும்’ என்று தளராமல் அடிக்கிறது, அதற்கு மேல் ரப்பர் மாதிரி இழுபடுகிற ஒரு பேஸ், அதற்கும் மேல் இந்தோளத்தின் சாயல். அது மால்கௌன்ஸ், நம் இந்தோளத்துக்கு வடக்கத்திப் பெயர். போன வருடம் வந்த பாட்டாக இருக்கும் என்றேன். “1982 சார்” என்றார். மும்பையில் இந்தி சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், ரோலண்டின் மூன்று பெட்டிகளை, ஜூப்பிட்டர் 8, டிஆர் 808, டிபி 303 மூன்றையும் வைத்துக்கொண்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களைப் போட்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1987-இல், சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதே 303-ஐத் திருகி ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்று ஒன்று போட, மேற்கில் ஒரு புது நடனஇசையே அதிலிருந்து கிளம்பியது. சிங்கின் தட்டு 2010-இல் மறுபடி வெளிவந்ததும்தான் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கென்னவோ அந்த 303 பெட்டியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப்போகிற வசதி இருக்கிறதே, அதற்காகவே அது ஒரு ராகக்காரர் கைக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கலாவதியை அதில் அவர் வாசிப்பதை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேளுங்கள். தயவுசெய்து கேளுங்கள்!

இன்னும் ஒன்று, இது தெரிந்த நாளில் எனக்குக் கையே நடுங்கியது. 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கியிருக்கிறது! அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து ஸ்டுடியோவை அமைத்துக் கொடுக்க, கீதா சாராபாய் உட்பட நம் ஆட்கள் அதில் உட்கார்ந்து நாடா நாடாவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நாடாக்கள் பல வருடம் தூங்கிக் கிடந்து, 2023-இல் இசைத்தொகுப்பாக வெளியே வந்தன. என் அப்பா அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் இந்த மண்ணில் ஒருவர் ஒரு குமிழைத் திருகி ‘ஊ’விலிருந்து ‘ஆ’வுக்குப் போயிருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க, அந்த விரலுக்கும் என் விரலுக்கும் ஏதோ உறவு இருக்கிற மாதிரி இருக்கிறது.

சரி, ராகம் என்று வந்துவிட்டால் கமகம் வேண்டாமா? தோடி காந்தாரத்தைக் கீபோர்டில் வாசித்துப் பாருங்கள், கட்டைக்குள் அது அடங்கவே அடங்காது, இரண்டு கட்டைக்கு நடுவில் ஊஞ்சலாடுகிற சுரம் அது. மிடியில் சுரத்தை வளைக்க 16,384 படிகள் இருக்கின்றன. எலியைப் பிடித்துக்கொண்டு அந்த ஊஞ்சலைக் கோடாக வரைந்தேன். முதல் நாள் ஆம்புலன்ஸ் மாதிரி வந்தது. இரண்டாம் நாள் வயிற்றுவலிக்காரர் முனகல் மாதிரி. ஒரு வாரம் முழுக்க அந்த ஒரே காந்தாரம்தான். பெரிய வித்துவான்களின் ஆலாபனையை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன், கீழே எவ்வளவு நேரம் நிற்கிறது, மேலே எப்படித் தொட்டும் தொடாமலும் திரும்புகிறது என்று. எட்டாம் நாள் ராத்திரி, ஏறும்போது கொஞ்சம் வேகம், இறங்கி அடியில் ஒரு சின்ன ஓய்வு என்று கோட்டை வளைத்துவிட்டு பொத்தானை அழுத்தினால், தோடி! ஸ்பீக்கரிலிருந்து தோடி வந்தது! சமையலறையிலிருந்து மனைவி, “இது யாரு பாடறது?” என்றாள். அந்தக் கேள்வியை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

அந்த ஆட்டத்தை வேண்டுமென்றே வேகமாக்கிப் பார்க்கலாமே என்று ஒரு குறுகுறுப்பு. நொடிக்கு ஐந்து ஆட்டம், பத்து ஆட்டம், இருபது. அதற்கு மேல் போகப் போக ஆட்டம் காதுக்குத் தெரியாமல் போய், சுரத்தின் நிறமே மாறியது, மணி மாதிரி, வெண்கலத் தட்டு மாதிரி! ஓடிப்போய் மாஸ்டரிடம் சொன்னால், “சார், இதையேதான் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டுபிடிச்சார்” என்கிறார்! அவரும் அதிர்வை வேகமாக்கிக்கொண்டே போனவர்தானாம். அதை யமஹா வாங்கிக்கொண்டு 1983-இல் டிஎக்ஸ் 7 என்று ஒரு கீபோர்டாக்கியது. எண்பதுகளின் சினிமாப் பாட்டில் கண்ணாடி உடைகிற மாதிரி மின்னுகிற பியானோ வரும் பாருங்கள், அந்தச் சத்தத்தின் வீடு அதுதான். யாரோ கண்டுபிடித்து அறுபது வருடமானதை நான் என் வீட்டு மேஜையில், ஒரு தோடி காந்தாரத்தின் வழியாக, நானே போய்த் தொட்டிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை சொல்வீர்கள்?

எதிரொலிப் பாடம் வந்த வாரம் எங்கள் வீட்டுத் தண்ணீர் சம்பைக் கழுவுகிற ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது, அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் இடத்தின் முழக்கத்தை அப்படியே பிடித்து வைக்கலாம், அதற்கு அந்த இடத்தில் ‘பட்’டென்று ஒரு சத்தம் போட்டு அது எப்படி அடங்குகிறது என்பதைப் பதிவு செய்தால் போதும், அப்புறம் எந்தக் குரலையும் அந்த இடத்துக்குள் நிறுத்திவிடலாம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். சும்மா இருப்பேனா? கழுவித் துடைத்த காலி சம்புக்குள் மைக்கைக் கயிற்றில் இறக்கினேன். மகள் ஒன்பது வயது, பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சின பலூனை ஊதிக்கொண்டு வந்து மேலிருந்து ஊசியால் குத்தினாள். டமார்! சிமெண்ட் சுவர்களில் மோதி மோதி அது உருண்டு அடங்கியதை ஹெட்ஃபோனில் கேட்டபோது, எனக்குத் திருவாரூர்த் தேர் திரும்புகிற மாதிரி இருந்தது. அதை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, மகள் படுக்கையறையில் பாடிய ‘சா பா சா’வை அதற்குள் அனுப்பினேன். நினைத்துப் பாருங்கள், கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு, பல் விழுந்த வாயோடு பாடின குழந்தை, கருங்கல் பிராகாரத்தின் கடைக்கோடியில் நின்று பாடுகிறது! மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், ஹெட்ஃபோனை வாங்கினாள், கேட்டாள், ஒன்றும் பேசாமல் மைக்கை எடுத்து, இருபது வருடத்துக்குப் பிறகு, தன் பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டைப் பாடினாள். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட மறந்தோம்.

அந்தக் காலத்தில் இந்த ஒலி வேலையையெல்லாம் கையால் செய்தார்கள். லண்டனில் பிபிசியின் பட்டறையில் டீலியா டெர்பிஷையர் என்ற பெண்மணி 1963-இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையைக் காந்த நாடாவை வெட்டி வெட்டி ஒட்டியே செய்தார், ஒவ்வொரு சுரமும் ஒரு துண்டு. நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் அரை நொடிச் சுரத்துக்கு 19 சென்டிமீட்டர், பூ கட்டுகிற மாதிரி முழம்போட்டு அளக்கலாம். எனக்கு இன்று ஒரு கிளிக்கில் வெட்டுப்படுகிறது. ஆனாலும் வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் நாடாவை வெட்டிய அந்த விரல்களை ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.

குறையே இல்லையா என்று கேட்டால், ஒன்று உண்டு. ரெக்கார்டிங் நேரத்தில் ஏ.சி.யை அணைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதன் உறுமல் மைக்கில் ஏறிவிடும். மே மாதச் சென்னையில் மூடிய அறையில் அது கொஞ்சம் கஷ்டம்தான். அவ்வளவுதான், வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். கும்பகோணத்திலிருந்து பெரியப்பாவை வரவழைத்தேன். எழுபத்தொரு வயது, ஐம்பது வருடமாக மடத்துப் பஜனையில் மிருதங்கம், ஒரு தடவைகூட அவர் வாசிப்பை யாரும் பதிவு செய்ததில்லை. “மிஷினுக்கு எதுக்குடா நான் வாசிக்கணும்?” என்று முனகிக்கொண்டேதான் வந்தார். அந்த இரட்டைக் கதவு சாத்தியதும் அவரும் நின்றுவிட்டார், நான் நின்ற அதே இடத்தில். மெல்ல ஒரு விரலால் வலந்தலையை ‘நம்’ என்று தட்டினார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்து, அது அடங்குகிறவரை காத்திருந்தார். “சுத்தமா இருக்கு” என்றார். ரவையைப் பிசைந்து இடந்தலையான தொப்பியில் அப்பினார். மாஸ்டர் இரண்டு கண்டென்சர் மைக்குகளை, தலைக்கு ஒன்றாக, ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரம் போட்டதும் பெரியப்பாவுடைய வேஷ்டி மடிப்பு கசங்குகிற சத்தம்கூட ஹெட்ஃபோனில் துல்லியமாக வந்தது.

வலந்தலையை மட்டும் முதலில் கேட்டோம். திரையில் அதன் மேல்சுரங்களைப் பார்த்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்! சாதாரணமாக ஒரு தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதன் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று சேராமல் தாறுமாறாகச் சிதறும், அதனால்தான் பெரும்பாலான பறைகள் சுரமாக ஒலிப்பதில்லை. இங்கேயோ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தந்திக்கருவி மாதிரி வரிசையாகக் கோபுரங்கள் நிற்கின்றன. நடுவில் பூசியிருக்கிற அந்தக் கருப்புச் சோற்றின் வேலை அது. சர் சி.வி. ராமன் இதை ஆராய்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, என் பெரியப்பாவின் விரலிலிருந்து அது பச்சைக் கோடாகத் திரையில் எழுந்து நிற்பதைப் பார்த்தது வேறு! முதல்நாள் ரம்ப அலையில் நான் பார்த்த அதே படிக்கட்டு. மின்சாரப் பெட்டிக்குள் ஒரு குமிழால் நான் திறந்து மூடிய அதே மேல்சுரங்களை, எந்த ஊர் மிருதங்கம் செய்கிறவரோ, மாவையும் கல்பொடியையும் குழைத்து, காதை மட்டுமே நம்பி, தலைமுறை தலைமுறையாகத் தோலின் மேல் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்.

பெரியப்பா ஆதிதாளத்தில் பத்து நிமிடம் வாசித்தார். முதல் நிமிடம் விரல்கள் கொஞ்சம் சந்தேகத்தோடு, அப்புறம் அவர் எங்களை மறந்தார், மைக்கை மறந்தார், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. முடிந்தது. இரண்டு மைக்கையும் சேர்த்துப் போட்டுக் கேட்டோம். என்னவோ மாதிரி இருந்தது. வலந்தலை பளிச்சென்று இருக்கிறது, தொப்பி மட்டும் ஒல்லியாக, அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி. அந்த அடிவயிற்றுக் ‘கும்’ எங்கே போயிற்று? என் முகம் வாடிவிட்டது. பெரியப்பா நாகரிகமாக, “பரவாயில்லடா” என்றார். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, “சார், வட்டத்துல குறுக்குக்கோடு போட்ட அந்தப் பொத்தானை அழுத்துங்க” என்றார்.

அழுத்தினேன்.

தரை அதிர்ந்தது என்று எழுதினால் நம்புவீர்களா, தரை அதிர்ந்தது! ‘கும்ம்ம்’ என்று ஒரு யானை அறைக்குள் வந்து உட்கார்ந்தது, தொப்பியின் கும்கி கீழிருந்து மேலே வழுக்கி வருவது நெஞ்செலும்பில் தெரிந்தது, டீக்கடைப் பெஞ்சுப் பலகை வழியாகப் பத்து வயதில் என் தொடைக்கு ஏறியதே, அது அப்படியே திரும்பி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டது. என்ன நடந்தது தெரியுமா? தொப்பியில் அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகிறது, உள்ளே இருக்கிற காற்று தள்ளி எதிர்ப்பக்கத் தோலை வெளியே பிதுக்குகிறது. ஆக, இடது மைக்குக்குத் தோல் விலகிப் போகிறது, அதே கணத்தில் வலது மைக்குக்குத் தோல் நெருங்கி வருகிறது, ஒன்று ‘வா’ என்கிறது, மற்றது ‘போ’ என்கிறது, இரண்டையும் கூட்டினால் அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிட்டுக் காணாமல் போகிறது. அந்தப் பொத்தான் ஒரு மைக்கைத் தலைகீழாகப் புரட்டியதும் இரண்டும் சேர்ந்து ‘வா’ என்றன, அவ்வளவுதான், ஐம்பது வருடம் மடத்துத் தூண்களுக்கு மட்டுமே கேட்ட அந்தக் ‘கும்’ முழு உருவத்தோடு வந்துவிட்டது! நான் அழுத்தினேன், எடுத்தேன், அழுத்தினேன், எடுத்தேன், போனது, வந்தது, போனது, வந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது, மாஸ்டர் சிரிக்கிறார், நான் அவர் தோளைப் பிடித்து உலுக்குகிறேன், என்ன பேசினேன் என்றே ஞாபகம் இல்லை.

பெரியப்பாவின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். இடது கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. கும்கி வருகிற இடத்தில் புருவம் ஏறியது. பத்து நிமிடமும் கேட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றினார், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், தொப்பியில் காய்ந்திருந்த ரவையை நகத்தால் சுரண்டினார்.

“தண்ணி கொஞ்சம் கொண்டா” என்றார். “ரவையை இன்னும் துளி கூட வைக்கிறேன். மறுபடி எடு.”